வெறும் சளி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே என் மூக்கைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்?

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். காரணம் நீதான். போன ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசினோம். அதில் நாலு தடவை "என்ன சொன்ன? சரியா கேக்கலை" என்றாய். இரண்டு தடவை "அழுறியா?" என்றாய். நான் அழவில்லை அண்ணா. என் குரலே இப்போது அப்படித்தான். நான் 'அம்மா' என்றால் 'அப்பா' என்று கேட்கிறதாம். உன் மருமகள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. காகிதத்துக்கு மூக்கடைப்பு கிடையாது.

கடைசியில் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "வெறும் சளி. இதுக்கா இந்த அலட்டல்? ஆவி பிடி, உறிஞ்சி." சொல்லிவிட்டுச் சிரித்தாய். போனையும் வைத்துவிட்டாய்.

பதினோரு வருடமாகச் சளி பிடித்த மனுஷியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? குனிந்து செருப்பு மாட்டினால் முகமே கழன்று தரையில் விழுந்துவிடும் போல இருக்கிறது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் யாரோ உள்ளேயிருந்து கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி வலி. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன். எழுந்தால் நாக்கு மரக்கட்டை. நான் விடும் குறட்டை தாங்காமல் உன் மாப்பிள்ளை கூடத்தில் படுக்கிறார். நாலு வருடம் ஆகிறது.

உறிஞ்சி என்பது எட்டு வயதில் நீ வைத்த பெயர். அப்போது அது வெறும் சளிதான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இப்போது முப்பத்தொன்பது. இனிமேல் அப்படிக் கூப்பிடாதே.

கோபத்துடன், ஆனாலும் உன்
தங்கை


ஜனவரி 24

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உன் கடிதம் சுடச்சுட வந்து சேர்ந்தது. உறையைத் தொட்டதும் கை வெந்துவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, என்னைத்தான் முறைத்தாள்.

சரி, அந்தப் பெயரை இனிச் சொல்லமாட்டேன், உறி... தங்கச்சி.

அண்ணி சொல்கிறாள்: தலைக்குக் குளிப்பதைக் குறைத்துக்கொள், குளிர்ந்ததைத் தொடாதே, ஃபேனுக்கு நேர் கீழே படுக்காதே. நான் சொல்வது ஒன்றுதான்: அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. நினைக்க நினைக்கத்தான் வலி கூடும். ஒரு மூக்குக்குப் போய் மனுஷி இவ்வளவு இடிந்துபோகலாமா?

எங்கள் தொழிற்சாலையிலும் ஒருத்தர் இருந்தார். நாற்காலி மேசைக்கெல்லாம் உப்புத்தாள் தேய்க்கிற பிரிவு. அவரும் உன் பாட்டுத்தான். தலை பாரம், மூக்கடைப்பு, ராத்திரி தூக்கம் இல்லை, மாதத்தில் நாலு நாள் லீவு. மேற்பார்வையாளன் நான் என்ன செய்ய முடியும்? சரி, அது ஒரு கதை, விடு.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையையும் மகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 6

அண்ணனுக்கு,

நலம் விசாரித்ததாகவே வைத்துக்கொள்.

ஆவி பிடித்தாயிற்று. தைலம் தேய்த்தாயிற்று. முகத்தில் பற்றுப் போட்டுத் தோல் உரிந்ததுதான் மிச்சம். தெருமுனை டாக்டர் வருடத்துக்கு ஆறு தடவை அதே மாத்திரையை எழுதுகிறார். ஐந்து நாள் தேவலாம், ஆறாவது நாள் பழைய குருடி. பார்க்கிறவர்கள் எல்லாரும் எனக்கு வைத்தியம் சொல்கிறார்கள். கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தால் உட்காரச் சொல்லி நாற்காலி போடுவார்கள். மூக்கு என்றால் சிரிக்கிறார்கள். இருமினால் இரக்கம், தும்மினால் சிரிப்பு. இது என்ன நியாயம்?

என் வேலை என்ன என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ எல்லாரிடமும் 'பால் ஆபீஸ்ல இருக்கா' என்கிறாய். பால் இறக்கும் மேடையில் நிற்கிறேன் அண்ணா. விடிந்ததும் வண்டிகள் வரும். முந்நூறு கேன். ஒவ்வொரு கேனாக மூடியைத் திறக்க வேண்டும், திறந்த அந்த நொடியில் குனிந்து முகர வேண்டும். புளிப்பு, புகை, மருந்து வாடை எது இருந்தாலும் கேனை ஒதுக்க வேண்டும். நல்ல கேன்கள் எல்லாம் ஒரே தொட்டியில் போய் விழும். இடையில் இருப்பது என் மூக்கு மட்டும்தான்.

அந்த மூக்குக்கு மணம் தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். கேன் தூக்குகிற அம்மாவிடம் விளையாட்டுப் போல "இது எப்படி இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுக் கேட்டு ஓட்டுகிறேன். சந்தேகம் வந்தால் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்க்கிறேன். முந்நூறையும் கொதிக்கவைக்க முடியுமா? தினமும் பயந்துகொண்டே குனிகிறேன்.

மகள் தலையை முகர்ந்தால்கூட ஒன்றும் இல்லை. வெறும் முடி.

நீ சொன்ன அந்த உப்புத்தாள்காரர் என்ன ஆனார்? 'இருந்தார்' என்று எழுதியிருக்கிறாய். இப்போது எங்கே?

தங்கை


பிப்ரவரி 27

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். இங்கே ஏற்றுமதி வேலை நெருக்குகிறது, உட்கார நேரமில்லை. அதனால்தான் தாமதம்.

மேலிடத்தில் நீயாகப் போய் எதையும் உளறிவைக்காதே. வேலை போய்விடும். நல்ல டாக்டராகப் பார். மனதைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பு. சின்ன வயதில் நன்றாகப் படம் வரைவாயே.

அண்ணி கேட்டதாகச் சொன்னாள்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணனுக்கு,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கவனித்தேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை கேன் தூக்குகிற அம்மா வரவில்லை. எனக்கு நெற்றி வெடித்துக்கொண்டிருந்தது. லீவு கேட்டேன். மேலாளர், "போன வாரம்தானே எடுத்தீங்க? மூக்கைச் சிந்திட்டு மேடைக்குப் போங்க" என்றார். போனேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், தலையாட்டினேன். அதில் இரண்டு கேன் திரிந்த பால். எந்த இரண்டு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தொட்டிப் பால் முழுவதும் கெட்டது. அத்தனையையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். வெள்ளையாக ஓடியதை எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஒரு வண்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தம்கூடவா தெரியலை?" என்றார். தெரியவில்லை அண்ணா. பக்கத்திலேயே நின்றேன், தெரியவில்லை.

தப்பு என்னுடையது. மறைத்தது நான்தான். அதற்குத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மறுநாள் என் கையில் கொடுத்த குறிப்பாணையில் என்ன இருந்தது தெரியுமா? அப்படியே எழுதுகிறேன்:

"மேற்படி பணியாளர் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார். வேலையில் ஊக்கமில்லை. சளி என்ற சாக்கைத் திரும்பத் திரும்பக் கூறுகிறார்."

பதினான்கு வருட வேலைக்கு மூன்று வரி. ஊக்கமில்லையாம்! மூச்சு விடுவதற்கே எனக்கு எவ்வளவு ஊக்கம் தேவைப்படுகிறது என்று இந்த ஆளுக்குத் தெரியுமா?

அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போனேன். காது மூக்கு தொண்டைப் பிரிவு. அந்த டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் ஒரு தாளைக் கொடுத்தார். "நிரப்பிட்டு வாங்க, அவசரமில்லை" என்றார். இருபத்திரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை போட வேண்டும். மூக்கு ஒழுகுகிறதா, முகம் வலிக்கிறதா, அதெல்லாம் சரி. கீழே போகப் போக வேறு மாதிரி. எழும்போதே களைப்பாக இருக்கிறதா? வேலையில் கவனம் சிதறுகிறதா? எரிச்சல் வருகிறதா? மனம் சோர்கிறதா? மற்றவர்கள் முன்னால் வெட்கமாக இருக்கிறதா?

ஐந்து, ஐந்து, ஐந்து என்று போட்டுக்கொண்டே வந்தேன். பதினெட்டாவது கேள்வியில் பேனாவை வைத்துவிட்டு அழுதேன். வலியால் இல்லை. பதினோரு வருடத்தில் இதை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. அச்சடித்த தாள் ஒன்று கேட்டது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த டாக்டரம்மா, "எல்லாரும் அந்த இடத்துலதான் அழுறாங்க, அழுதுட்டு மிச்சத்தைப் போடுங்க" என்றார்.

மூக்குக்குள் குழாய் விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு பக்கமும் திராட்சைக் குலை மாதிரி சதை. நெற்றியிலும் கன்னத்திலும் காற்று இருக்க வேண்டிய அறைகள் முழுக்கச் சீழ். வெறும் சளி இல்லை அண்ணா. அறுவை செய்ய வேண்டுமாம். எல்லாம் நினைப்புத்தான் என்று சொன்னாயே, அந்த நினைப்பை நான் திரையில் பார்த்தேன்.

உடனே எழுது. இந்தத் தடவையாவது.

தங்கை


மே 3

அண்ணனுக்கு,

ஏழு வாரம். ஒரு வரி இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து "குளிக்கிறார்" என்கிறாள். இரண்டு மாதமாகவா குளிக்கிறாய்? எனக்குச் சளி பிடித்திருக்கிறது, உனக்கு என்ன பிடித்திருக்கிறது?

ஜூன் 4 அறுவை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உன் சௌக்கியத்தை நீயே விசாரித்துக்கொள்.

தங்கை


மே 19

தங்கச்சிக்கு,

உன் மார்ச் மாதக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. மூன்று தடவை பதில் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

அந்த உப்புத்தாள்காரரைப் போன ஆகஸ்டில் வேலையை விட்டு நீக்கினார்கள். என் அறிக்கையை வைத்துத்தான் நீக்கினார்கள். உன் மேலாளர் எழுதிய மூன்று வரியும் என் அறிக்கையில் இருக்கிறது. 'சளி' என்ற இடத்தில் நான் 'தலைபாரம்' என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். உன் கையெழுத்தில் அதைப் படித்தபோது யாரோ என் மேசையிலிருந்து திருடி உனக்கு அனுப்பிவிட்டார்கள் என்றே ஒரு நொடி நினைத்தேன்.

ஒன்பது வருடம் அந்த அறையில் மரத்தூளுக்குள் நின்றவர். முகமூடி கேட்டார். ஒரு தடவை கொடுத்தோம், கிழிந்த பிறகு கொடுக்கவில்லை. பொட்டலம் கட்டுகிற பிரிவுக்கு மாற்றுங்கள் என்று இரண்டு தடவை மனு கொடுத்தார். அந்த மனுக்களை நான் மேலே அனுப்பவே இல்லை. என் இழுப்பறையில் இருக்கின்றன. உன் மேலாளர் உன்னிடம் சொன்ன அதே வார்த்தையை, மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பார் என்பதை, எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். ஜூன் கடைசியில் விசாரணை. நிர்வாகத்தின் சாட்சி நான். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

உன் அறுவைக்கு வரட்டுமா?

அண்ணன்


ஜூன் 3

நாளைக்குக் காலையில் அறுவை. படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபத்தால் என்று எடுத்துக்கொள், பயத்தால் இல்லை.

நீ எழுதாத இரண்டு மாதமும் என்னை மறந்துவிட்டாய் என்று நினைத்துக் குமுறினேன். மறந்திருந்தாலே தேவலாம். எனக்கு மணம் தெரியவில்லை என்று எழுதியபோது உனக்கு முதலில் தோன்றியது என்ன? 'உளறிவைக்காதே'! அது என்னைக் காப்பாற்றச் சொன்னதா, உன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதா?

என் மேலாளர் எனக்கு யாரோ. அவரை நான் வெறுத்துவிட்டுப் போகலாம். உன்னை என்ன செய்வது? அவருக்கும் எங்கேயோ ஒரு தங்கை இருப்பாள் அண்ணா. அவளும் கடிதம் எழுதினால்தான் அவருக்குப் புரியுமா? அந்த உப்புத்தாள்காரர் உனக்குத் தங்கையாகப் பிறக்கவில்லை, அதுதானே அவர் செய்த தப்பு?

வராதே. உனக்கு அங்கே வேலை இருக்கிறது. அந்த மனுஷர் வீட்டுக்குப் போ. டாக்டரம்மாவிடம் கேட்டு அந்தக் கேள்வித்தாள் ஒன்று வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். அதை அவரிடம் கொடு. எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு என்று பின்னால் எழுதியிருக்கிறேன். திட்டினால் நின்று கேள். விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கமாட்டேன். அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது உனக்கு.

நான் நன்றாக இருக்கிறேனா என்று இரண்டு வாரம் கேட்காதே.


ஆகஸ்ட் 8

அன்புத் தங்கச்சிக்கு,

அறுவை நல்லபடி முடிந்தது என்று மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ சொன்னபடி இரண்டு வாரம் பொறுத்துத்தான் கேட்டேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று நீயே எழுதினால்தான் நிம்மதி.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு சின்ன அறை. அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்தார். என்னைப் பார்த்ததும் அந்தப் பாதியும் பாதியானது.

"இப்ப எதுக்கு வந்திருக்கீங்க? சாட்சி சொல்றதுக்கு முன்னால எங்ககிட்ட ஆசீர்வாதம் வாங்கவா?"

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. உன் குரல் மாதிரியே. "வரட்டும், விடு."

இப்போது சலவைக் கடையில் துணி மடிக்கிறார். உட்காரச் சொல்லவில்லை. நின்றேன். தாளைக் கொடுத்தேன். வரி வரியாக விரலை வைத்துப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"எழும்போதே களைப்பா இருக்கான்னு இதுல கேட்டிருக்காங்க. இதையேதான் நான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"இல்லீங்க."

"'சீக்கிரம் படுங்க'ன்னீங்க." சிரிக்காமல் சொன்னார். "உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து பெரிய பொண்ணை அடிச்சேன். அவ ஒண்ணுமே பண்ணலை. சத்தமா பாட்டு வெச்சா, அவ்வளவுதான். தலை வெடிச்சுது, அடிச்சேன். அது எந்தக் கேள்வியில வரும், சொல்லுங்க?"

மன்னிப்புக் கேட்டேன். "அதை அங்க வந்து கேளுங்க. இங்க யாருக்குக் கேக்கும்?" என்றார் அவர் மனைவி. இருவர் கண்ணையும் பார்க்க முடியாமல் படி இறங்கினேன்.

விசாரணையில் நிர்வாகத்தின் வக்கீல் அறிக்கையைக் காட்டி, "இது நீங்க எழுதினதுதானே?" என்றார்.

"நான் எழுதினதுதான். ஆனா அதுல இருக்கறது உண்மை இல்லை."

"புரியலை."

"அவர் சாக்குச் சொல்லலை. அவருக்கு உடம்பு சரியில்லை. இடம் மாத்தச் சொல்லி ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தார். மேல அனுப்பாம நான்தான் வெச்சிருந்தேன்." இழுப்பறையிலிருந்து எடுத்துப் போயிருந்த இரண்டு மனுக்களையும் அதிகாரி மேசையில் வைத்தேன். வக்கீல் என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

போன வாரம் உத்தரவு வந்தது. அவரை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும், தூசி இல்லாத பிரிவில். எனக்கு மேற்பார்வை போயிற்று. இப்போது மரக்கிடங்கில் பலகை எண்ணுகிறேன். இரண்டு நாளாக எனக்கும் தும்மல். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தொழிலாளர் அலுவலகத்தில் உத்தரவைப் படித்துக் காட்டி முடித்து, வெளியே வந்ததும் அவர் என் பக்கம் வந்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றார். "எட்டு மணிக்கு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கை கொடுக்கவில்லை. நீட்டுகிற தைரியம் எனக்கும் இல்லை.

இப்போது கேட்கிறேன். உன்னைப் பார்க்க வரட்டுமா?

அண்ணன்


ஆகஸ்ட் 25

அண்ணனுக்கு,

நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? தும்மலை மறைக்காதே. முகமூடி கேள். கொடுக்காவிட்டால் எழுதிக் கேள், நகல் வைத்துக்கொள்.

எனக்கு மூச்சு வருகிறது. வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன். முதல் வாரம் தூங்கி எழுந்தபோது நெற்றி லேசாக இருந்தது. ஏதோ காணாமல் போய்விட்டது என்று பயந்து தடவித் தடவிப் பார்த்தேன். தினமும் இரண்டு வேளை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். ஆயுள் முழுக்கக் கழுவ வேண்டியிருக்கும், சதை மறுபடியும் வளரலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

மணம் பாதிகூடத் திரும்பவில்லை. பினாயில் தெரிகிறது, மண்ணெண்ணெய் தெரிகிறது. பால் தெரியவில்லை. மேலாளரிடம் நேராகப் போய்ச் சொன்னேன்: "எனக்கு வாசனை தெரியாது. மூணு வருஷமாத் தெரியாது. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்தது, அதனால சொல்லலை." டாக்டரம்மாவின் சான்றிதழை மேசையில் வைத்தேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உடம்பு முடியலைன்னு சொன்னேனே, நீங்க மூக்கைச் சிந்தச் சொன்னீங்க" என்று கத்திவிட்டேன். மூக்கில் அடைப்பில்லாமல் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. மேடை வரைக்கும் கேட்டதாம். இப்போது ஆய்வுக்கூடத்தில் புளிப்பை அளக்கிற வேலை. கண்ணும் கையும் போதும்.

அந்த மனுஷர் மகளை அடித்ததாகச் சொன்னாரே, அதைப் படித்துவிட்டு நான் என் மகளைக் கூப்பிட்டேன். "அம்மா உன்னைக் காரணமே இல்லாம எத்தனை தடவை திட்டியிருக்கேன்?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "எண்ணலைம்மா" என்றாள்.

நீ செய்தது பெரிய காரியம். அதற்காக உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பதினோரு வருடத்துக் கோபத்தை ஒரு சாட்சியத்தில் கழுவ முடியாது.

வா. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. ஆனால் ஒன்று. நான் பேசும்போது குறுக்கே வைத்தியம் சொல்லக்கூடாது. மழைக் காலம் வரப்போகிறது. நெற்றி மறுபடி வலிக்கும். வலிக்கிறது என்று நான் சொன்னால், நீ "அப்படியா?" என்று கேள். கேட்டுவிட்டு நான் சொல்லி முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திரு. எனக்கு வேண்டியது அவ்வளவுதான் அண்ணா. எப்போதும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

உன்
தங்கை